தாள் தொலைந்த மதர்போர்டுகள்

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் முதல் பிசியை அறிமுகப்படுத்தியபோது, அதற்கு ஒரு தடிமனான டெக்னிகல் ரெஃபரன்ஸ் கையேட்டையும் வெளியிட்டது. மதர்போர்டின் முழு சர்க்யூட் படம், பயாஸ் நிரலின் வரிக்கு வரி பட்டியல், இரண்டு டிப் சுவிட்சுகளில் எந்த விசை எதற்கு என்ற விளக்கம் எல்லாம் அதில் உண்டு. 1984-இல் வந்த பிசி ஏடிக்கும் அப்படித்தான். அதனால் இன்றைக்கும் பழைய கணினிகளைப் பழுதுபார்க்கிறவர்களுக்கு ஐபிஎம் போர்டு பெரிய தலைவலி கிடையாது. வயசு அதிகம், ஆனால் எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

வாயே திறக்காதவை அதற்குப் பிறகு வந்தவை. 1985-இல் சிப்ஸ் அண்ட் டெக்னாலஜீஸ் என்ற அமெரிக்க நிறுவனம், ஏடி போர்டில் சிதறிக் கிடந்த பல டஜன் ஐசிகளின் வேலையை ஐந்து ஐசிகளுக்குள் அடக்கி விற்றது. பின்னாலேயே வேறு பலரும் சிப்செட் செய்ய ஆரம்பித்தார்கள். சிப்செட்டை வாங்கி, அதோடு வரும் மாதிரி வடிவமைப்பைக் கொஞ்சம் மாற்றி, தைவானில் எந்தச் சின்ன ஆலையும் போர்டு அடிக்கலாம் என்றாகிவிட்டது. பல போர்டுகளில் பெயர்கூட அச்சடிக்கவில்லை. 90-களில் ரிச்சி தெருவில் ‘அசெம்பிள்டு’ என்று நம்மவர்கள் வாங்கிய பெட்டிகளுக்குள்ளும் இந்த ஜாதிதான் அதிகம். கூட வரும் ஆவணம் ஒரு மெல்லிய புத்தகம், சிலவற்றுக்கு ஒற்றைத் தாள். மெஷினை மாட்டியவர் அதைப் பார்த்து ஜம்பரை வைத்துவிட்டு எங்கேயோ போட்டுவிடுவார். அவ்வளவுதான், தாள் போச்சு.

தாள் போனால் என்ன? 486 காலத்து போர்டு தானாக எதையும் கண்டுபிடித்துக்கொள்ளாது. எந்த சிபியு, என்ன வேகம், எத்தனை கேஷ், எத்தனை வோல்ட் என்று எல்லாவற்றையும் ஜம்பர் வைத்துச் சொல்லவேண்டும். என்னிடம் இருக்கும் பெயரில்லாத 486 போர்டில் 27 ஜம்பர்கள். பக்கத்தில் ஜேபி1, ஜேபி2 என்று வெள்ளை எழுத்தில் எண் மட்டும் இருக்கிறது.

இப்படி ஒரு போர்டைப் பார்க்கும்போது எனக்குக் கல்வெட்டுக்காரர்கள் ஞாபகம்தான் வரும். ஆண்டு சிதைந்துபோன சோழர் கல்வெட்டில் மெய்க்கீர்த்தியின் ஒரு துண்டு மிஞ்சியிருந்தால், எந்த அரசன் என்று பிடித்துவிடுவார்கள். போர்டுக்கும் ஒரு மெய்க்கீர்த்தி உண்டு. மின்சாரம் கொடுத்ததும் திரையின் கீழ் ஓரத்தில் வரும் நீண்ட எண் வரிசை. ஏஎம்ஐ பயாஸ் என்றால் அதில் மூன்றாவது தொகுதி தயாரித்தவரின் எண், ஐந்தாவது தொகுதி பயாஸின் தேதி. அவார்ட் பயாஸ் என்றால் முதல் ஐந்து எழுத்து சிப்செட்டையும் அடுத்த இரண்டு தயாரிப்பாளரையும் குறிக்கும். ஊர்பேர் தெரிந்தால் டோட்டல் ஹார்டுவேர் 99, ரெட்ரோ வெப் போன்ற தொகுப்புகளில் ஜம்பர் படம் கிடைக்க வாய்ப்பு உண்டு. என் போர்டுக்குத் தயாரிப்பாளர் கிடைத்தார், படம் கிடைக்கவில்லை. மிச்சத்தை மல்டிமீட்டரை வைத்துத்தான் படிக்கவேண்டியிருந்தது.

முதலில் வோல்டேஜ். இதில் மட்டும் அனுமானம் கூடாது. 1989-இல் வந்த 486 5 வோல்டில் ஓடும். 1994-இல் வந்த டிஎக்ஸ்4-க்கு 3.3 வோல்ட்தான். (பெயரில் 4 இருந்தாலும் வேகத்தை மூன்று மடங்குதான் ஆக்கும், யார் வைத்த பேரோ.) 5 வோல்ட் கொடுத்தால் சிபியு காலி, இரண்டாவது வாய்ப்பு கிடையாது. அதனால் சாக்கெட்டைக் காலியாக வைத்து மின்சாரம் கொடுத்து, இன்டெல் டேட்டாஷீட்டில் விசிசி என்று குறித்திருக்கும் துளைகளில் அளந்தேன். ஜம்பரை மாற்றி மாற்றி அளந்ததில் எது 5, எது 3.45 என்று தெரிந்துவிட்டது. கால் மணி நேர வேலை.

கேஷ் ஜம்பர்களுக்கு ஒரு ஞாயிறு முழுக்க ஆனது. ஆனால் அதுதான் ருசியான பகுதி. போர்டில் எட்டு கேஷ் சாக்கெட். 8 கேபி சிப் எட்டு போட்டால் 64 கேபி, 32 கேபி சிப் போட்டால் 256 கேபி. இரண்டு சிப்பும் 28 கால்கள் உள்ளவைதான், ஆனால் 26-ஆம் காலுக்கு வேலை வேறு. சின்ன சிப்பில் அது சிப்பை விழிக்க வைக்கும் கால், எப்போதும் 5 வோல்டில் இருக்கவேண்டும். பெரிய சிப்பில் அதே கால் ஏ13 என்ற முகவரிக் கால். ஆக எங்கேயோ ஒரு மூன்று ஊசி ஜம்பர் இருந்தாகவேண்டும்: நடு ஊசி 26-ஆம் காலுக்கு, ஒரு பக்கம் 5 வோல்டுக்கு, மறுபக்கம் முகவரிக்கு. மீட்டரைக் கன்டின்யூட்டியில் வைத்துத் தேடினேன். ஜேபி9-இல் பீப் அடித்தது. முதல் கால் பெரிய சிப்பில் ஏ14, சின்ன சிப்பில் சும்மா இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு போனதில் ஜேபி10 கிடைத்தது.

கேஷ் சிப்பே பொய்யாக இருந்த காலமும் உண்டு. 90-களின் நடுவில் மலிவான சில 486 போர்டுகளில், வேலை செய்யாத வெறும் பிளாஸ்டிக் துண்டுகளைக் கேஷ் என்று பற்றவைத்து விற்றார்கள். கேஷ் இருக்கிறது என்று திரையில் காட்டும்படி பயாஸையும் திருத்தியிருந்தார்கள். அந்த போர்டுகளில் கால்களைத் தொடர்ந்து போனால் டிராக் எங்கேயும் போய்ச் சேராது.

டிராக்கை நம்பித்தான் இத்தனையும் நடக்கிறது. அந்த டிராக்குகளுக்கு எமன் போர்டிலேயே குடியிருக்கும் நிக்கல் காட்மியம் பேட்டரி, 3.6 வோல்ட் பீப்பாய். காலம் போகப்போகக் கசிந்து, அதிலுள்ள பொட்டாசியம் ஹைட்ராக்சைடு பக்கத்திலிருக்கும் செம்பைப் பச்சையாக்கித் தின்கிறது. பெரும்பாலும் கீபோர்டு இணைப்புக்குப் பக்கத்தில்தான் வைத்திருப்பார்கள், எனவே முதலில் சாவது கீபோர்டு. பேட்டரியை வெட்டி எடுத்து, வினிகரால் துடைத்து, தண்ணீரில் கழுவி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் உலர்த்தினேன். அறுந்திருந்த நான்கு டிராக்குகளுக்கு மெல்லிய கம்பி இழுத்தேன். பதிலுக்கு சிஆர்2032 போடுகிறவர்கள் நடுவில் ஒரு டயோடு வைக்கவேண்டும். பழைய பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றப் போர்டு அனுப்பும் மின்னோட்டம் இதற்குள் போகக்கூடாது.

தாள் கிடைத்திருந்தாலும் அதில் இருந்திருக்க முடியாத விஷயம் ஒன்று. என் போர்டின் பயாஸ் தேதி 1994. ஏஎம்டியின் 5எக்ஸ்86 வந்தது 1995-இல். சாக்கெட்டின் ஆர்17 துளைதான் வேகப் பெருக்கத்தைத் தீர்மானிப்பது. அதைத் தரையோடு சேர்த்தால் டிஎக்ஸ்4 இரண்டு மடங்கில் ஓடும். 5எக்ஸ்86 அதே சைகையை நான்கு மடங்கு என்று எடுத்துக்கொள்ளும். ஆர்17 எந்த ஜம்பருக்குப் போகிறது என்று தேடினேன், ஜேபி17. வோல்டேஜை 3.45-இல் வைத்து, ஜேபி17-ஐ மூடி, 5எக்ஸ்86-ஐப் போட்டேன். பயாஸுக்கு அந்த சிபியுவின் பெயர் தெரியவில்லை. வேகத்தை மட்டும் 133 என்று சரியாகக் காட்டியது.

27 ஜம்பர்களுக்கும் கையால் படம் வரைந்து ஸ்கேன் செய்துவிட்டேன். பயாஸ் இருக்கும் ஈப்ராமின் உள்ளடக்கத்தையும் படித்துக் கோப்பாக்கி வைத்திருக்கிறேன், அதிலுள்ள மின்னேற்றமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டுதான் இருக்கும். இரண்டையும் இந்த வாரம் ரெட்ரோ வெப்புக்கு அனுப்புகிறேன்.