'ஜக்கிள்' என்னும் சொல்லின் பொருள் வரலாறு

ஆங்கிலத்தில் 'ஜக்கிள்' என்னும் வினைச்சொல் இன்று முதற்கண் நினைவூட்டுவது, பல பந்துகளை மாறி மாறி எறிந்து கீழே வீழாது பற்றும் வித்தையையே. ஏமாற்றுதல், கணக்கைத் திரித்தல் என்னும் பொருள்கள் அவ்வித்தையினின்று உவமையாகக் கிளைத்தவை என மாணாக்கர் பலர் கருதுகின்றனர். சொல்லின் வரலாறோ இதற்கு நேர்மாறாக உள்ளது.

இதன் வேர் 'யோக்குஸ்' என்னும் இலத்தீன் சொல்; பகடி என்பது பொருள். 'ஜோக்' என்னும் ஆங்கிலச் சொல்லும் அவ்வேரினதே. 'யோக்குலாத்தோர்' என்பான் நகையாடி மகிழ்விப்போன். அச்சொல்வழிப் பெயர் பெற்ற இடைக்காலப் பிரெஞ்சுக் கூத்தர் பாடினர், கதை கூறினர், குட்டிக்கரணமிட்டனர், கத்திகளை எறிந்தும் பற்றினர். எறிதல் பலவற்றுள் ஒன்றே. 'ஜோங்லர்' என்னும் பிற்கால வடிவிலுள்ள மெல்லொலி, வாயாடுதலைக் குறிக்கும் வேறொரு சொல்லின் கலப்பால் வந்தது என்பர். (ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு வேர் காண விழைவார் இதனை நினைவிற் கொள்க.)

கி.பி. 1100ஐ ஒட்டி ஆங்கிலம் புகுந்தபோது இச்சொல் மாயவித்தைக்காரனைச் சுட்டிற்று. வினைவடிவம் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியது. 16ஆம் நூற்றாண்டில் வஞ்சித்தற்பொருள் வேரூன்றியது. 'மாக்பெத்' நாடகத்தில், இரட்டுறப் பேசித் தன்னைக் கெடுத்த பேய்களைத் தலைவன் இச்சொல்லாலேயே பழிக்கின்றான். அங்குப் பந்து ஏதுமில்லை.

பந்தெறிதல் தலைமைப் பொருளாகியது 19ஆம் நூற்றாண்டிலேதான். அக்காலத்தே இலண்டன் அரங்குகளில் இந்திய வித்தைக்காரர் பெரும்புகழ் எய்தினர். 1850இல் மறைந்த 'ராமோ சாமி' அவருள் ஒருவர்; இராமசாமி என்பதன் திரிபே அப்பெயர் எனக் கருதுகின்றோம். 1821இல் ஹாஸ்லிட் 'இந்திய ஜக்லர்கள்' பற்றி எழுதிய கட்டுரை நான்கு பித்தளைப் பந்துகளின் சுழற்சியை வியக்கின்றது. வாள் விழுங்குதலையும் அதே தலைப்பின்கீழ்ப் பேசுகின்றது. பழம்பொருளும் புதுப்பொருளும் அங்கே அருகருகே நிற்றல் காண்க.

தமிழிலோ இவை தொடக்கமுதலே வேறுபட்டவை. கண்ணை மயக்குவது செப்பிடுவித்தை, கண்கட்டுவித்தை. எறிந்து பற்றுவது கழங்கும் அம்மானையும். ஆதலின் மொழிபெயர்ப்பாளர் காலம் நோக்கியே சொல் தெரிதல் வேண்டும். கணக்கைத் திரித்தல் பழைய வஞ்சனைப்பொருளின் வழிவந்தது. வீட்டுப் பணியையும் அலுவலையும் ஒருசேரச் சமாளித்தல் என்னும் 20ஆம் நூற்றாண்டு வழக்கே பந்தினின்று பிறந்தது. 17ஆம் நூற்றாண்டு ஆங்கில நூலில் வரும் 'ஜக்லர்' என்பானைப் பந்தெறிவோன் எனப் பெயர்த்தல் பெரும்பாலும் பிழையாம். செப்பிடுவித்தைக்காரன் என்பதே பொருந்தும்.