டான் குவிக்ஸாட்: வெறுப்பில் பிறந்த நாவலா?

1605-இல் மாட்ரிட்டில் ஹுவான் டி லா குவெஸ்டாவின் அச்சகத்திலிருந்து 'டான் குவிக்ஸாட்' முதல் பாகம் வெளிவந்தது. அதன் முன்னுரையில் மிகெல் டி செர்வான்டிஸ் தன் நோக்கத்தைப் பூசி மெழுகாமல் சொல்கிறார்: வீரசாகசக் கதைப் புத்தகங்களுக்கு மக்களிடம் இருக்கும் செல்வாக்கைக் குலைக்க வேண்டும். 1615-இல் இரண்டாம் பாகத்தை முடிக்கும்போதும் அதையே திரும்பச் சொல்கிறார். இதனால் ஓர் இலக்கிய வகையையும் அதைப் படித்தவர்களையும் வெறுத்த ஒருவர் எழுதிய நாவல் என்றே இதைப் பலரும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் வெறுப்பிலிருந்து இப்படியொரு நாவல் பிறந்திருக்க முடியாது. புத்தகத்துக்குள்ளேயே அதற்குச் சான்று இருக்கிறது. உண்மையான வெறுப்பு என்ன எழுதும் என்பதற்கும் ஸ்பெயினின் இலக்கிய வரலாறு ஓர் எடுத்துக்காட்டை விட்டுச் சென்றிருக்கிறது.

அந்தக் கதைகளை இகழ்வதில் செர்வான்டிஸ் முதல் ஆள் அல்ல. 1508-இல் ஸரகோஸாவில் 'அமாடிஸ் டி கௌலா' அச்சேறிய பிறகு இவ்வகைப் புத்தகங்கள் ஸ்பெயினைப் பிடித்து ஆட்டின. 1521-இல் பம்ப்லோனா போரில் காயம்பட்டுப் படுத்திருந்த, பின்னாளில் இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலா முதலில் கேட்டது இவற்றைத்தான். வீட்டில் இல்லாததால் கிறிஸ்துவின் வரலாறும் புனிதர் வரலாறுகளும் அவர் கைக்கு வந்தன. அவிலாவின் புனித தெரசா சிறுவயதில் தந்தைக்குத் தெரியாமல் இவற்றைப் படித்ததை எழுதி வைத்திருக்கிறார். இன்னொரு பக்கம், இவை அமெரிக்கக் குடியேற்றங்களுக்குப் போகக் கூடாது என்று 1531-இல் அரச ஆணை வந்தது. 1555-இல் நாட்டிலேயே தடை செய்யும்படி வல்லடோலிடில் கூடிய பிரதிநிதிகள் சபை மன்னரிடம் மனுக் கொடுத்தது. ஆக, பாமர வாசகரின் ரசனையை இளக்காரமாகப் பார்ப்பது அதிகாரத்தில் இருந்தவர்களின் பழக்கமாகவே இருந்தது. அந்தப் பார்வையைத்தான் செர்வான்டிஸ் தன் நாவலுக்குள் கொண்டுவந்து விசாரிக்கிறார்.

முதல் பாகத்தின் ஆறாம் அத்தியாயத்தில், குவிக்ஸாட்டைப் பைத்தியமாக்கிய புத்தகங்களை எரிக்கப் பாதிரியாரும் நாவிதரும் வருகிறார்கள். எரிக்க வந்த பாதிரியாருக்கு எல்லாப் புத்தகமும் அத்துப்படி. 'அமாடிஸ்' தப்பிக்கிறது, 'இங்கிலாந்தின் பால்மெரின்' தப்பிக்கிறது. 'டிரான்ட் லோ பிளாங்க்' கையில் வந்ததும் அவர் பூரித்துப்போகிறார்: அதில் வீரர்கள் சாப்பிடுகிறார்கள், தூங்குகிறார்கள், உயில் எழுதிவிட்டுத் தங்கள் படுக்கையிலேயே சாகிறார்கள். ரசித்துப் படித்தவனுக்குத்தான் இந்த அளவுக்குத் தரம் பிரிக்க வரும். முப்பத்திரண்டாம் அத்தியாயத்துச் சத்திரம் இன்னும் சுவையானது. அறுவடைக் காலத்து விடுமுறை நாட்களில், எழுத்தறிந்த ஒருவர் புத்தகத்தை எடுத்துப் படிக்க, முப்பது பேருக்கு மேல் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களாம். சத்திரக்காரருக்குச் சண்டைக் காட்சிகளில் உயிர். பணிப்பெண்ணுக்குக் காதல் காட்சிகள். சத்திரக்காரரின் மகளுக்கு வீரர்களின் பிரிவுப் புலம்பல். மனைவிக்கோ கணவர் கதையில் மூழ்கித் தன்னோடு சண்டை போட மறந்துவிடும் அந்த நேரமே நிம்மதி. புத்தகங்களை எரிக்கலாம் என்று பாதிரியார் சொல்ல, பெற்ற பிள்ளையை வேண்டுமானால் எரியுங்கள், இவற்றை விடமாட்டேன் என்கிறார் சத்திரக்காரர். வாசகரை வெறுப்பவர் அவர்களை ஒரே கும்பலாகத்தான் பார்ப்பார். செர்வான்டிஸோ ஆளுக்கொரு ரசனையைக் கொடுத்து உட்கார வைக்கிறார்.

முன்னுரையில் அவரே நோக்கத்தைச் சொல்லிவிட்ட பிறகு இதற்கெல்லாம் என்ன மதிப்பு என்று கேட்கலாம். ஆனால் இக்கதைகளுக்கு எதிரான அந்தப் போர் அநேகமாக முடிந்துபோன போர். இவ்வகையில் கடைசிப் புதுப் படைப்பாகக் கருதப்படும் 'பொலிசிஸ்னே டி பொயேசியா' 1602-லேயே வெளிவந்துவிட்டது. செத்துக்கொண்டிருந்த பாம்பை அடிக்க இவ்வளவு பெரிய புத்தகம் தேவையில்லை. முதல் பாகத்தின் இறுதிப் பகுதியில் வரும் டொலேடோ நகரத்துக் குரு இக்கதைகளைக் காரணம் காட்டிக் கண்டிக்கிறார். கண்டித்த கையோடு, தானும் அப்படியொரு கதையை நூறு பக்கத்துக்கு மேல் எழுதி வைத்திருப்பதை ஒப்புக்கொள்கிறார். செர்வான்டிஸின் கடைசி நூலான 'பெர்சிலெஸ்' கப்பல் விபத்தும் கடத்தலும் பிரிந்த காதலர்களும் நிறைந்த சாகசக் கதைதான். அதன் சமர்ப்பணத்தில் 1616 ஏப்ரல் 19 என்று தேதியிட்டார். அதே வாரத்தில் இறந்தார். அவருக்குப் பிடிக்காதது ஏனோதானோவென்று எழுதும் எழுத்தே. சாகசத்தின் மீதான ஆசை அவரையும் கடைசிவரை விடவில்லை.

வெறுப்பு எழுதிய புத்தகம் வேறு. 1614-இல் அலொன்ஸோ ஃபெர்னாண்டஸ் டி அவெயனேடா என்ற புனைபெயரில் ஒரு போலி இரண்டாம் பாகம் வந்தது. அதன் முன்னுரை செர்வான்டிஸின் முதுமையையும், 1571 லெபான்டோ கடற்போரில் முடமான கையையும் பரிகசித்தது. அந்தக் கதையில் குவிக்ஸாட்டின் தோழன் சாஞ்சோ வெறும் தின்னிப் பண்டாரம். குவிக்ஸாட் காதலைத் துறந்தவர். கடைசியில் டொலேடோ பைத்தியக்கார விடுதியில் அடைக்கப்படுகிறார். நாயகனும் தோழனும் அவர்களே, கிண்டலும் அதே கிண்டல்; ஆனால் படிக்கிறவன் ஒரு முட்டாள் என்ற முடிவோடு எழுதப்பட்டது. செர்வான்டிஸ் பதிலுக்கு அந்தப் போலி நூலின் ஒரு பாத்திரத்தையே தன் நாவலுக்குள் இழுத்துவந்து, உண்மையான குவிக்ஸாட் இவரே என்று ஊர்த் தலைவர் முன் வாக்குமூலம் கொடுக்க வைத்தார். தன் நாயகனைப் பைத்தியக்கார விடுதியில் அடைக்காமல், பாதிரியார் மெச்சிய 'டிரான்ட்' பாணியில் உயில் எழுதி வீட்டுப் படுக்கையிலேயே சாக வைத்தார்.

1952-இல் ஹார்வர்டில் உரையாற்றிய நாவலாசிரியர் நபகோவ், இந்த நாவல் குரூரமானது என்றார். குவிக்ஸாட் வாங்கும் அடிகளையும் இழக்கும் பற்களையும் எண்ணிப் பார்த்தால் அதை மறுக்க முடியாது. ஆனால் இரண்டாம் பாகத்தில் அவரை வரவழைத்து வேடிக்கை பார்க்கும் பிரபுவும் அவர் மனைவியும் யார்? முதல் பாகத்தைப் படித்துவிட்டுச் சிரிக்க வந்த வாசகர்கள். இரண்டு பைத்தியங்களைப் பரிகசிக்க இவ்வளவு பாடுபடும் இவர்களும் ஏறக்குறைய பைத்தியங்களே என்று நாவலே தீர்ப்புச் சொல்கிறது. இந்த நூலில் வெறுப்பு என்று ஒன்று உண்டென்றால், அது மேலே உட்கார்ந்து சிரிக்கும் அந்த ரசனையின் மீதுதான். மரணப் படுக்கையில் குவிக்ஸாட் வீரசாகசக் கதைகளை வாயாரச் சபிக்கிறார். அவற்றைப் படித்தவனை மணந்தால் தன் சகோதரி மகளுக்குச் சொத்தில்லை என்று உயிலிலும் எழுதுகிறார். முன்னுரையின் நோக்கம் நிறைவேறிவிட்டது போலத்தான் இருக்கிறது. ஆனால் எழுத்தே தெரியாத சாஞ்சோ, எழுந்திருங்கள், மீண்டும் புறப்படலாம் என்று அழுகிறான். படிப்பவர் மனம் சாஞ்சோ பக்கமே சாய்கிறது. அப்படிச் சாயும்படிதான் செர்வான்டிஸ் எழுதியிருக்கிறார்.