எச்சமும் முற்றும்

உலக நாடுகளின் சபையை மாணாக்கர் நடத்திப் பழகும் வழக்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. முதலாம் உலகப் போரின் பின் ஜெனீவாவில் சர்வதேச சங்கம் அமைந்த சில ஆண்டுகளுக்குள், 1920களிலேயே, இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பல்கலைக்கழக மாணவர்கள் அச்சங்கத்தின் மாதிரிக் கூட்டங்களைக் கூட்டலாயினர். 1945இல் ஐக்கிய நாடுகள் சபை பிறந்ததும் அவ்வழக்கம் பெயரை மாற்றிக்கொண்டு தொடர்ந்தது. ஒருவர் பிரேசிலாவார், மற்றொருவர் நோர்வேயாவார். வாதிட்டுப் பேசி, ஆள் சேர்த்து, இறுதியில் ஒரு தீர்மானத்தை எழுதி வாக்கெடுப்புக்கு விடுவர். நமது நாட்டிலும் இக்கலை வேரூன்றியுள்ளது. ஆயினும் அது பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பயிலப்படுகிறது. தலைநகரத்துப் பெரிய பாடசாலைகளின் தனிச்சொத்தாகவே இருந்து வருகிறது. கற்பிட்டியிலும் உடப்பிலும் முந்தலிலும் தமிழ்மொழியிற் கற்கும் மீனவர் பிள்ளைகளுக்கும் உப்பளத் தொழிலாளர் பிள்ளைகளுக்கும் அது எட்டாத கோட்டையாகத் தோன்றுகிறது.

எட்டாத கோட்டைதானா என்று நாம் கேட்டுப் பார்த்தல் வேண்டும்.

பொதுச்சபைத் தீர்மானம் எத்துணை நீளமாயினும் இலக்கணப்படி அது ஒரே வாக்கியம். ‘பொதுச்சபை’ என்பது எழுவாய். முன்னைய தீர்மானங்களை நினைவுகூர்ந்து, நிலைமை குறித்துக் கவலைகொண்டு, இன்னது நன்மை தருமென நம்பி என்று முகவுரைப் பந்திகள் வரிசையாக வரும்; ஒவ்வொன்றின் முடிவிலும் காற்புள்ளி. அதன்பின் எண்ணிட்ட செயற்பந்திகள்: பிரகடனஞ் செய்கிறது, அழைப்பு விடுக்கிறது, கேட்டுக்கொள்கிறது, ஒவ்வொன்றின் முடிவிலும் அரைப்புள்ளி. முற்றுப்புள்ளி கடைசியில் ஒன்றே ஒன்று. நன்னூல் படித்த மாணவனுக்கு இதில் என்ன புதுமை? முகவுரை முழுவதும் வினையெச்சம். செயற்பகுதி முழுவதும் வினைமுற்று. எச்சத்தை அடுக்கிக்கொண்டு சென்று முற்றிலே கொண்டு நிறுத்துவது தமிழ் உரைநடைக்கு இயல்பான நடை. ஆங்கிலேயப் பிள்ளை பாடுபட்டுப் பழகும் வாக்கிய அமைப்பு நம் பிள்ளையின் வாயில் ஏற்கெனவே இருக்கிறது.

வாக்கிய அமைப்பு மட்டுமன்று, சபையாகக் கூடி எழுதி வைக்கும் வழக்கமும் நமக்குப் பழையது. உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, 919ஆம் 921ஆம் ஆண்டுகளுக்குரியவை, ஊர்ச்சபை தன் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்துகொள்ளும் விதியை உரைக்கின்றன. அங்கே பேசுவது மன்னனன்று. ‘சபையோம்’ என்று தன்மைப் பன்மையில் ஊர்ச்சபையே பேசுகிறது. யாருக்குத் தகுதி, யாருக்கு இல்லை, ஓலையை எவ்வாறு எடுப்பது என்று வரையறை நுணுக்கமாகச் செல்கிறது. கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினரும் விலக்கப்படுகின்றனர். இதைக் கண்டு பூரித்து, ‘ஜனநாயகம் நாம் உலகுக்கு ஈந்த கொடை’ என்று மேடையில் முழங்குவோர் பலர். அவர்கள் கல்வெட்டின் ஏனைய வரிகளையும் படிப்பாராக. குடவோலைக்குரியவன் பொதுவாகக் கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையவனாயிருத்தல் வேண்டும். சபையோ பிராமணருக்குக் கொடுத்த ஊரின் சபை. அந்நிலத்தை உழுதவனுக்கு அங்கே ஓலை இல்லை, பெண்ணுக்கும் இல்லை. தீர்மானமொன்றைப் படிக்கும்போது அதை எழுதும் அறையில் யார் இருந்தார் என்ற கேள்வி முதலில் எழவேண்டும்.

இலங்கையிலே தமிழ் மாணவர் தீர்மானம் எழுதிய வரலாறு நூறாண்டைக் கடந்துவிட்டது. 1924இல் ஹண்டி பேரின்பநாயகம் முதலானோர் யாழ்ப்பாண மாணவர் காங்கிரசைத் தொடங்கினர். பின்னர் அது வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்றது. தீண்டாமையை எதிர்த்தும், தாய்மொழிக் கல்வியை வேண்டியும், இனங்களும் சமயங்களும் ஒன்றுபட்ட சுதந்திர இலங்கையை நாடியும் அவர்கள் ஆண்டுதோறும் கூடித் தீர்மானம் நிறைவேற்றினர். 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்களும் அவர்களே. அவர்கள் யாருடைய வேடத்தையும் பூணவில்லை. தம் நாட்டின் பெயரால் தாமே பேசினர்.

1931 ஏப்ரிலில் கமலாதேவி சட்டோபாத்யாய தலைமையிற் கூடிய மாநாடு, பூரண சுயராச்சியம் தராத டொனமூர் அரசியலமைப்பைப் பகிஷ்கரிப்பதெனத் தீர்மானித்தது. சொல்லிலே குறையில்லை, நெஞ்சுரத்திலும் குறையில்லை. அவ்வாண்டு அரசாங்க சபைத் தேர்தலில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் 4 தொகுதிகளுக்கும் ஒருவரும் வேட்புமனுத் தாக்கல் செய்யவில்லை. மாணவர் எழுதிய தீர்மானம் ஒரு பிரதேசத்தின் தேர்தலையே நிறுத்திவிட்டது! மாதிரிச் சபைகளில் பரிசு பெறும் எந்தத் தீர்மானத்துக்கு இத்தகைய வலிமை வாய்த்தது?

ஆனால் அதே அரசியலமைப்புத்தான் இந்நாட்டில் சர்வசன வாக்குரிமையைக் கொணர்ந்தது. சொத்தும் படிப்பும் உடைய சிலரிடம் இருந்த வாக்கு 21 வயது நிரம்பிய ஆணுக்கும் பெண்ணுக்கும், மேற்சாதிக்கும் ஒடுக்கப்பட்ட சாதிக்கும் ஒருங்கே கிட்டிய முதல் தேர்தல் அது. குடாநாட்டில் அந்த முதல் வாக்கை இடும் வாய்ப்பு 1934 இடைத்தேர்தல்வரை தள்ளிப்போயிற்று. சாதிக் கொடுமையை எதிர்த்த அதே இளைஞரின் தீர்மானத்தால், சாதியாற் கொடுமைப்பட்டவன் தன் முதல் வாக்குக்கு 3 ஆண்டுகள் காத்திருந்தான். தெற்கிலே அவர்கள் எதிர்பார்த்த பகிஷ்கரிப்பும் எழவில்லை. அந்த இளைஞரின் தூய்மையை நாம் ஐயுறவில்லை. அவர்களைப் போன்ற தலைமுறை பிறகு நமக்கு வாய்க்கவில்லை என்பதே நம் எண்ணம். எனினும் முகவுரையிலே விழுமிய கொள்கையை நிறுத்தியவர்கள், செயற்பந்தி யாருடைய கையிலிருந்து எதைப் பறிக்கிறது என்பதை எண்ணிப் பார்க்கவில்லை.

இனிக் கடலுக்கு வருவோம். 1971 ஒக்ரோபரில் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க பொதுச்சபையிலே தோன்றி, இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக்க வேண்டுமென்றார். அவ்வாண்டு ஏப்ரிலில் இந்நாட்டின் கிராமப்புற இளைஞர் ஆயிரக்கணக்கில் அவருடைய அரசினாற் கொன்றொழிக்கப்பட்டனர் என்பதையும் அருகே எழுதி வைத்தல் வரலாற்றாசிரியனின் கடன். இலங்கை கொணர்ந்த பிரேரணைக்குத் தான்சானியா துணைநின்றது. 1971 டிசெம்பர் 16ஆம் நாள் 2832ஆம் இலக்கத் தீர்மானமாக அது நிறைவேறியது. அதே நாளிற்றான் டாக்காவில் பாக்கிஸ்தான் படை சரணடைந்தது. அமெரிக்காவின் ‘என்டர்பிரைஸ்’ விமானந்தாங்கிக் கப்பல் வங்காள விரிகுடாவிலே நின்றது. ஆதரவு வாக்கு 61, எதிர்ப்பு ஒன்றுமில்லை, வாக்களியாது நின்றோர் 55. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகியவற்றோடு சோவியத் ஒன்றியமும் அந்த 55இல் அடங்கும். வல்லரசுகளுள் சீனா ஒன்றே கையுயர்த்தியது. எதிர்த்து வாக்களிப்பது பழி, வாக்களியாதிருப்பது வசதி. மாணவர் இதனைக் கவனித்தல் நன்று.

அத்தீர்மானத்தின் முதற் செயற்பந்தி கம்பீரமானது. இந்து சமுத்திரமும் அதன் மேலுள்ள வான்வெளியும் கீழுள்ள தரையும் என்றென்றைக்கும் சமாதான வலயமெனப் பிரகடனஞ் செய்தது. ஆனால் நடுவிலே ஒரு சிறு தொடர் புகுந்துள்ளது: எல்லை பின்னர் நிர்ணயிக்கப்படும் என்பதே அதன் பொருள். அவ்வெல்லை ஒருபோதும் நிர்ணயிக்கப்படவில்லை. வாக்குச் சேர்ப்பதற்காக விட்ட இடைவெளி வல்லரசுகளின் கப்பல்கள் நுழையும் வாயிலாயிற்று. 1972இல் 15 நாடுகளின் விசேட குழு அமைந்தது. 1981இல் கொழும்பிற் கூடவிருந்த மாநாடு கூடவேயில்லை. மேற்கு வல்லரசுகள் பின்னொரு காலம் குழுவைவிட்டே வெளியேறின.

இராணுவத் தளங்களை அகற்றக் கோரிய அத்தீர்மானத்தின் காலத்திலேதான் தியாகோ கார்சியாவில் தளம் எழுந்தது. 1965இல் மொரீசியசிலிருந்து சாகோஸ் தீவுகளைப் பிரிட்டன் வெட்டியெடுத்தது. 1968க்கும் 1973க்கும் இடையில் அத்தீவு மக்கள் அனைவரையும் அகற்றி, தியாகோ கார்சியாவை அமெரிக்கப் படைக்கு ஒதுக்கிக் கொடுத்தது. 2019 மேயில் பொதுச்சபை 116 வாக்குகளால், பிரிட்டன் 6 மாதத்துள் விலகவேண்டுமென்றது. 2025 மேயில் தீவுகளை மொரீசியசுக்கு ஒப்படைக்கும் உடன்படிக்கை கைச்சாத்தானது. அதன்படியும் தளம் 99 ஆண்டுக் குத்தகையில் அங்கேயே இருக்கும்.

அப்படியாயின் தீர்மானம் வெறுங் கடதாசியா? அவ்வாறு சொல்லிவிடுவதும் சோம்பலே. 1970 டிசெம்பர் 17இல், நாடுகளின் அதிகார எல்லைக்கு அப்பாலுள்ள கடலடி மனிதகுலத்தின் பொதுச்சொத்து என 2749ஆம் தீர்மானம் 108 வாக்குகளோடு அறிவித்தது. அதனை உருவாக்கிய குழுவின் தலைவர் இலங்கையரான ஷேர்லி அமரசிங்க. 1973இல் தொடங்கிய கடற்சட்ட மாநாட்டுக்கும் அவரே தலைவர். 1980இற் காலமாகும்வரை அப்பொறுப்பை வகித்தார். தீர்மானத்திலிருந்த சொல் 1982இல் உடன்படிக்கையின் சொல்லாகி, 1994இல் நடைமுறைக்கு வந்தது. பொதுச்சபையின் தீர்மானம் ஆணையன்று, பரிந்துரையே. ஆயினும் பரிந்துரை சட்டமாகும் பாதையும் உண்டு. அதற்கு 24 ஆண்டுகளும், விடாது வரைந்து திருத்திய கைகளும் வேண்டியிருந்தன.

இவ்வளவும் சொல்லிவிட்டு நம் கரையைப் பற்றிச் சொல்லாது விடுவது முறையன்று. 1990 ஒக்ரோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாணத்தவருக்குக் கிடைத்த அவகாசம் சில மணித்தியாலங்களே. மன்னாரிலிருந்து பலர் வள்ளமேறிக் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கினர். பெரும்பான்மையோர் புத்தளம் மாவட்டத்திலேயே ஓலைக் கொட்டில்களில் தங்கினர். களப்பின் மீனும் கூலிவேலையும் கிணற்றுத் தண்ணீரும் வந்தவருக்கும் இருந்தவருக்கும் ஒருங்கே போதவேண்டியதாயிற்று. அவர்களை ஊர் ‘அகதி’ என்றது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளையும் சில வாய்கள் இன்றும் அவ்வாறே அழைக்கின்றன.

ஆனால் ஐ.நா.வின் ஏட்டிலே அவர்கள் அகதிகளல்லர். 1951ஆம் ஆண்டின் உடன்படிக்கைப்படி தன் நாட்டின் எல்லையைக் கடந்தவனே அகதி. மன்னாரிலிருந்து கற்பிட்டிக்குக் கடல் கடந்தாலும் எல்லை கடந்ததாகாது. இத்தகையோருக்கென வழிகாட்டும் கோட்பாடுகள் 1998இலேயே வரையப்பட்டன. அவையும் அரசுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கையல்ல. 2005ஆம் ஆண்டின் உலக உச்சிமாநாட்டு ஆவணம் அவற்றை முக்கியமானவையென ஏற்றுக்கொண்டது, அவ்வளவே. ஊர் கொடுத்த பெயர் சட்டத்துக்கு ஆகாது. சட்டம் கொடுத்த பெயர் ஊருக்குத் தெரியாது.

சட்டத்தின் பெயரைத் தமிழாக்கியதிலும் ஒரு சூழ்ச்சி நுழைந்துவிட்டது. அரச ஆவணங்களிலும் பத்திரிகைகளிலும் நாம் ‘இடம்பெயர்ந்தோர்’ என்றே எழுதுகிறோம். பெயர்ந்தோர் என்பது தன்வினை. தாமாகப் பெயர்ந்தார் என்று பொருள்படும். பெயர்க்கப்பட்டோர் என்று எழுதினாற்றான் பெயர்த்தவன் யார் என்ற கேள்வி பிறக்கும். சில எழுத்துக்களின் வேறுபாடு. அவற்றுள்ளே ஒரு தலைமுறையின் வழக்கு மறைந்து கிடக்கிறது. இவ்வேறுபாட்டைச் சுட்ட ஆங்கிலப் பயிற்சி வேண்டியதில்லை. எட்டாம் வகுப்பு இலக்கணமே போதும்.

ஆதலால் மாதிரிச் சபைக்கு நம் மாணவர் எழுதும் தீர்மானம், தொலைதூர நாடொன்றின் குரலை இரவல் வாங்கித்தான் தொடங்கவேண்டும் என்பதில்லை. காணி, மீளக்குடியமர்வு, களப்பின் பங்கு, வாக்காளர் இடாப்பு என்று செயற்பந்திக்குரிய பொருள் வாசலிலேயே கிடக்கிறது. 2019 நவம்பர் 16ஆம் நாள் சனாதிபதித் தேர்தலில், தம் பெயர் பதிவாகியிருந்த மன்னாருக்கு வாக்களிக்கப் புத்தளத்திலிருந்து பஸ் வண்டிகளில் விடியுமுன் புறப்பட்டனர் பலர். அவ்வண்டிகள் வழியிலே தந்திரிமலைப் பகுதியில் மறிக்கப்பட்டுத் தாக்கப்பட்டன. துப்பாக்கிச் சூடும் நடந்தது. 1931இல் குடாநாட்டுக்குத் தள்ளிப்போன அதே வாக்குரிமை, 88 ஆண்டுகளின் பின்னும் சிலருக்கு ஒரு மாவட்டம் கடந்து சென்று தேடவேண்டிய பொருளாயிருந்தது.

நாம் கற்பிக்கும் வகுப்பில் மாணவியர் சிலர் எழுதிவரும் வரைவின் நான்காம் செயற்பந்தி இதைப் பற்றியதே. ‘இடம்பெயர்க்கப்பட்டோர்’ என்ற சொல் ஏகமனதாக நிறைவேறிவிட்டது. அரசை ‘வேண்டுகிறது’ என்பதா, ‘வலியுறுத்துகிறது’ என்பதா என்பதிலேதான் வாக்கு இன்னும் சமமாகப் பிரிந்து நிற்கிறது.