ஒளிந்திருந்த தண்ணீர்

கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010-ம் ஆண்டு திறந்த நாளிலிருந்து நான் அங்கே வாடிக்கைக்காரன். சென்ற வாரம் பிளஸ் ஒன் படிக்கும் என் பேரனும் ரஸாயனப் புஸ்தகத்தோடு கூட வந்தான்.

"தாத்தா, 6.3 கிராம் ஆக்ஸாலிக் அமிலப் படிகத்தை ஒரு லிட்டர் கரைசலாக்கினால் செறிவு என்ன?"

"பத்தில் ஒரு பங்கு நார்மல்" என்றேன்.

"இல்லை, 0.05 மோலார்" என்றான் பயல்.

இரண்டும் சரிதான். அந்தப் படிகத்தில் ஒரு மோல் 126 கிராம். அதன் மூலக்கூறு இரண்டு ஹைட்ரஜனை விட்டுக் கொடுப்பதால் சமான எடை அதில் பாதி, 63. மோலார் கணக்கு தலையை எண்ணுகிறது. நார்மல் கணக்கு வேலை செய்யும் கையை எண்ணுகிறது.

நார்மல் கணக்கைப் பரப்பியவர் கார்ல் பிரெடரிக் மோர் என்ற ஜெர்மானியர். 1855-ல் அவர் எழுதிய புஸ்தகத்துக்குப் பிறகுதான் பியூரெட் எங்கும் பரவியது. ஆனால் நார்மலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பெர்மாங்கனேட்டின் சமான எடை அமிலக் கரைசலில் 31.6, நடுநிலைக் கரைசலில் 52.7. புட்டி ஒன்றுதான், செய்யும் வேலைக்குத் தக்கபடி சீட்டை மட்டும் மாற்ற வேண்டும்! மோலார் முந்திக்கொண்டதில் அதிசயமில்லை.

இந்தக் கணக்கெல்லாம் தமிழில் வருமா என்று சந்தேகப்பட்டவர்கள் அந்த நாளில் நிறைய. யாழ்ப்பாணத்தில் தமிழிலேயே வைத்தியம் கற்பித்த டாக்டர் கிரீன் சந்தேகப்படவில்லை. அவர் முயற்சியால் 1875-ல் 'கெமிஸ்தம்' வெளிவந்தது. பெயருக்கே வேஷ்டி கட்டிவிட்டார் மனுஷர்! 1916-ல் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் கலைச்சொற்களுக்கென்றே ஒரு பத்திரிகை நடத்தினார்கள். ராஜாஜி பிற்பாடு 'திண்ணை ரசாயனம்' எழுதினார். வக்கீலுக்கு இதெல்லாம் எதற்கு என்று யாராவது கேட்டிருப்பார்கள்.

என் கதைக்கு வருகிறேன். கல்லூரியில் பி.யூ.சி. செய்முறைப் பரீட்சை. என்னை டாக்டராக்கிப் பார்க்க அப்பாவுக்கு ஆசை. தராசில் 4.5 கிராம் படிகத்தை நிறுத்து, பத்தில் ஒரு பங்கு நார்மல் என்று நிம்மதியாக எழுதினேன். ஒவ்வொரு மூலக்கூறோடும் இரண்டு தண்ணீர் மூலக்கூறுகள் படிகத்துக்குள் ஒளிந்திருப்பதை மறந்தேன். உண்மையில் கரைசலின் செறிவு 0.071 தான், காரத்தின் செறிவு என் கணக்கில் நூற்றுக்கு நாற்பது கூடுதலாக வந்தது. மருத்துவக் கல்லூரி போயிற்று. அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பேரனிடம் இதைச் சொல்லவில்லை. அவன் நோட்டை மட்டும் வாங்கிப் பார்த்தேன். 90, அதன் கீழே 36, கூட்டினால் 126 என்று எழுதி, அந்த 36-ஐச் சுற்றி ஒரு வட்டமும் போட்டிருந்தான்.