1952 கோபன்ஹேகன் இளம்பிள்ளைவாதமும் தீவிர சிகிச்சையின் தோற்றமும்

முன்னுரை

இளம்பிள்ளைவாதம் தண்டுவடத்தின் சாம்பல்நிறப் பகுதியில் அழற்சியை உண்டாக்கும் நச்சுயிரி நோயாகும். அழற்சி மூளைத்தண்டையும் தாக்கும்போது விழுங்குதலும் மூச்சுவிடுதலும் தடைப்படுகின்றன. இந்நிலையிலுள்ள குழந்தைகளைக் காக்கும் வழி எவ்வாறு கண்டறியப்பட்டது என்பதை 1952ஆம் ஆண்டு டென்மார்க்கில் பரவிய கொள்ளைநோயின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

நெருக்கடி

கோபன்ஹேகனின் பிளெக்டம் மருத்துவமனையில் அப்போது இருந்தவை இரும்பு நுரையீரல் ஒன்றும் மார்புக்கவச வகைக் கருவிகள் ஆறும் மட்டுமே. மூச்சுத்தசை செயலிழந்தோ விழுங்க இயலாமலோ வந்த முதல் 31 நோயாளிகளுள் 27 பேர் இறந்தனர். நோயாளிகளின் குருதியில் கரியமில வாயுவின் மொத்த அளவு மிகுந்து காணப்பட்டது. மருத்துவர்கள் அதனைக் காரணம் விளங்காத காரத்தன்மை மிகுதி எனக் கொண்டனர்.

மறுவிளக்கம்

தலைமை மருத்துவர் லாசென், மயக்கவியல் வல்லுநர் பியோர்ன் இப்சனின் கருத்தை நாடினார். அதே அளவீட்டை இப்சன் வேறுவிதமாக விளக்கினார். மூச்சுப் போதாமையால் கரியமில வாயு வெளியேறாது உடலில் தேங்குகிறது என்பது அவர் முடிவு. ஆகஸ்ட் 27 அன்று, இறக்கும் தறுவாயிலிருந்த 12 வயதுச் சிறுமிக்கு மூச்சுக்குழலில் துளையிட்டுக் குழாய் பொருத்தப்பட்டது. இப்சன் ரப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தினார். சிறுமி பிழைத்தாள்.

கைகளின் பங்கு

இம்முறையை அனைவருக்கும் விரிக்கப் போதிய இயந்திரங்கள் இல்லை. எனவே ஏறத்தாழ 1500 மருத்துவ, பல்மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் பையை அழுத்தினர். ஒரே வேளையில் 70 நோயாளிகள் வரை இவ்வாறு பேணப்பட்டனர். தொடக்கத்தில் 87 விழுக்காடாக இருந்த இறப்பு, பின்னர்ச் சுமார் 25 விழுக்காடாகக் குறைந்தது.

முடிவுரை

இம்மாற்றத்தைப் புதிய மருந்து எதுவும் நிகழ்த்தவில்லை. போலியோ நச்சுயிரியை அழிக்கும் மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை. முன்பே கிடைத்திருந்த ஓர் அளவீட்டின் பொருளைச் சரியாக உணர்ந்ததும், அறுவை அரங்கின் நுட்பத்தை நோயாளியின் படுக்கைக்குக் கொணர்ந்ததும், இடையறாத மனித உழைப்புமே அதனை நிகழ்த்தின. 1953 டிசம்பரில் இப்சன் கோபன்ஹேகனின் நகராட்சி மருத்துவமனையில் தொடங்கிய பிரிவு, தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. மூளையழற்சியோ நரம்பழற்சியோ கண்டு மூச்சுத்திணறும் குழந்தைக்கு முதலில் மூச்சைக் காத்தல், பின்னரே நோய்க்காரணத்தை நாடுதல் என்னும் இன்றைய அவசர மருத்துவ நெறிக்கு அக்கோடைகால அனுபவம் வலுவான அடித்தளமாய் அமைந்தது எனலாம்.