தத்துவ போதகர் கண்ட மதுரை

இந்த ஜூபிலி மலருக்காகச் செய்தி திரட்டப் புறப்பட்டபோது, நம் பங்கின் பெரியவர்கள் எல்லோரிடமும் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்டோம்: "மதுரைக்கு முதன்முதல் வந்த நாள் நினைவிருக்கிறதா?" மில் வேலை தேடி வந்தவர்களும் வாழ்க்கைப்பட்டு வந்தவர்களும் மழை பொய்த்த சீமையிலிருந்து பிழைக்க வந்தவர்களும் தத்தம் கதையைச் சொன்னார்கள். கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கொண்டே நடந்து மாட்டு வண்டியில் மோதியதையும், மாசி வீதியில் வழி தவறியதையும் சிரித்துக்கொண்டே சொன்னவர்கள், வாடகைக்கு வீடு தேடிய கதை வந்ததும் குரலைத் தாழ்த்திக் கொண்டார்கள். "எந்த ஊரு? என்ன ஆளுக?" மாநகர் அவர்களிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

நானூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் இத்தாலிய இளங்குருவும் இதே கேள்விக்கு முன்னால் நின்றார். தத்துவ போதகர் என்று நம் முன்னோர் அழைத்த இராபர்ட் தெ நோபிலி அடிகளாரைத்தான் சொல்கிறோம். 1577-இல் உரோமையில் உயர்குடியில் பிறந்து, சேசு சபையில் சேர்ந்து, 1605 மே மாதம் கோவாவில் கரையிறங்கியவர் அவர். முத்துக்குளித்துறையில் பரதவர் நடுவே சில மாதங்கள் தமிழ் பயின்றபின், மாநிலத் தலைவர் லெர்சியோ அடிகளாருடன் 1606 நவம்பர் 15-ஆம் நாள் மதுரை வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 29.

அவர் கண்ட மதுரை எது? இன்று வெளியூர் உறவினர் வந்தால் நாம் முதலில் கூட்டிப்போகும் திருமலை நாயக்கர் மஹால் அன்று இல்லை. அது 1636-இல் எழுந்தது. வண்டியூர்த் தெப்பக்குளம் இல்லை. புதுமண்டபம் இல்லை. வடக்குக் கோபுரம் முற்றுப்பெறாமல் மொட்டையாய் நின்றது. ஆனால் தெற்குக் கோபுரம் விண்ணைத் தொட்டு நின்றது. அரியநாத முதலியார் எழுப்பிய ஆயிரங்கால் மண்டபம் இருந்தது. விசுவநாத நாயக்கர் கட்டிய கோட்டை மதிலும் அகழியும் நகரைச் சுற்றி வளைத்திருந்தன. (அந்த மதில் 19-ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்ட இடத்தில்தான் இன்றைய வெளி வீதிகள் உள்ளன.) முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் ஆண்ட காலம் அது. தெருவில் தமிழ், அரண்மனையில் தெலுங்கு, சாஸ்திரிகளிடம் சமஸ்கிருதம். கடற்கரையில் சில மாதம் படித்த தமிழோடு இப்படிப்பட்ட நகருக்குள் நுழைந்தவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்!

நகரில் அவருக்கு முன்பே ஒரு குருவானவர் இருந்தார். போர்த்துகீசியரான கொன்சாலோ பெர்னாண்டஸ் அடிகளார் 1595-ஐ ஒட்டி அங்கு வந்து, சிறு கோவிலும் பள்ளிக்கூடமும் மருந்துச் சாலையும் நடத்தி வந்தார். வாணிபத்துக்காக வந்து போன பரதவக் கிறிஸ்தவர்களுக்கு அவரே மேய்ப்பர். ஆனால் பதினோரு ஆண்டுகளாகியும் மதுரைக்காரர் எவரும் ஞானஸ்நானம் பெற முன்வரவில்லை.

ஏன் என்று நோபிலி விசாரித்தார். விடை ஒரே சொல்லில் இருந்தது: பறங்கி. மாட்டிறைச்சி உண்பவன், மது குடிப்பவன், குளிக்காதவன், குலம் கெட்டவன் என்பதெல்லாம் அச்சொல்லில் அடக்கம். இதைவிடக் கொடுமை, கிறிஸ்தவன் என்பதற்கும் அதே சொல்லைத்தான் நம்மவர்களே வழங்கி வந்தார்கள். ஞானஸ்நானம் கேட்டவரிடம் பறங்கிக் குலத்தில் சேர மனமா என்றே கேட்டார்களாம்! எவன் சரி என்பான்? ஆக, நகரத்தை நோபிலி பார்ப்பதற்கு முன்பே நகரம் அவரைப் பார்த்து, பெயரும் சூட்டி முடித்திருந்தது.

அடுத்த ஆண்டே அவர் மிஷன் வீட்டை விட்டு வெளியேறினார். பிராமணர் குடியிருப்பை அடுத்து ஒரு குடிசையில், காவியுடுத்தி, பாதக்குறடு அணிந்து, ஒரு வேளை மரக்கறி உணவோடு சந்நியாசியாய் வாழத் தொடங்கினார். மதுரைக்கு அவர் இரண்டாம் முறையாக வந்தது அன்றுதான் என்று சொல்ல நமக்குத் தோன்றுகிறது. பெர்னாண்டஸ் அடிகளாரின் பள்ளி ஆசிரியர் அவரோடு இருபது நாள்போல வாதாடி, முடிவில் ஞானஸ்நானம் பெற்றார். சிவதருமர் என்னும் பிராமணர் அவருக்குச் சமஸ்கிருதம் கற்பித்தார். 1610-இல் எழுதிய ஒரு கடிதத்தில், மதுரையில் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் வகுப்பு வகுப்பாகப் பயில்கிறார்கள் என்று வியந்து குறிப்பிடுகிறார். முதல் நாள் கண்ட கோபுரங்களுக்குப் பின்னால் ஒரு பெரும் கலாசாலை இருந்ததை அவர் காண நான்காண்டுகள் பிடித்திருக்கின்றன.

இந்த இடத்தில் பெர்னாண்டஸ் அடிகளாருக்கும் நியாயம் சொல்லியாக வேண்டும். விழா மலர்களில் அவரைக் குறுகிய புத்திக்காரராக எழுதிவிட்டுப் போவது வழக்கம். அவர் ஒன்றும் அறியாதவர் அல்லர். இந்நாட்டுச் சடங்குகளைப் பற்றி 1616-இல் போர்த்துகீசியத்தில் ஒரு நூலே எழுதியவர். பதினோரு ஆண்டு தனிமையில் உழைத்தவரின் வீட்டை விட்டு, நேற்று வந்த இளைஞர் தனிக் குடிசைக்குப் போனார். 1611-இல் தாம் பறங்கி அல்லர் என்று ஓலையில் எழுதிக் கதவிலும் ஒட்டினார். அப்படியானால் பழைய வீட்டில் இருப்பவர் யார்? அந்த ஓலையை அவர் எப்படி வாசித்திருப்பார்? 1610-லேயே அவர் மேலிடத்துக்கு அனுப்பிய முறையீட்டில் தொடங்கிய வழக்கு கோவாவரை, உரோமைவரை சென்றது. 1623 சனவரியில் பாப்பரசர் 15-ஆம் கிரகோரியார் பூணூல், குடுமி, சந்தனம் முதலியவற்றை நிபந்தனைகளோடு அனுமதித்த பிறகே அது ஓய்ந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறோம். "என்ன ஆளுக?" என்ற கேள்வியே தவறு என்று நோபிலி சொல்லவில்லை. அதற்கு நகரம் ஏற்கும் விடையைத் தேடினார். உயர்குடியில் பிறந்தேன் என்றார், அது பொய்யுமல்ல. ஆனால் ஒரே நகரில் பரதவருக்கு ஒரு கோவில், உயர்சாதியாருக்கு ஒரு கோவில் என்று ஆயிற்று. தாழ்த்தப்பட்டோரிடமும் செல்வதற்காக 1640 முதல் பண்டாரசாமிகள் என்ற தனிக் குருக்கள் ஏற்பட்டனர். வீடு தேடி அலைந்த கதையைச் சொன்ன நம் பங்குப் பெரியவர்களில் சிலர், சொந்த ஊரில் கோவிலுக்குள்ளேயே தனி இடத்தில் உட்கார வைக்கப்பட்டவர்கள்.

நோபிலி மதுரையை மையமாகக் கொண்டு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உழைத்தார். ஞானோபதேச காண்டம் முதலிய உரைநடை நூல்களைத் தமிழில் இயற்றினார். 1640-இல் இதே நகரில் சிறைப்பட்டார். முதுமையில் யாழ்ப்பாணத்துக்கும் பின்னர் மயிலாப்பூருக்கும் அனுப்பப்பட்டு, 1656 சனவரி 16-இல் அங்கே உயிர் நீத்தார். வந்தபோது இல்லாத மஹால், அவர் மதுரையை விட்டுப் புறப்படும்போது எழுந்து நின்றது. அதற்குள் அவர் கண்பார்வை மங்கியிருந்தது.