டெக்சாஸில் விவசாயி சம்மதித்தால் பன்றியைச் சுடலாம்... தமிழ்நாட்டில் ஏன் முடியாது?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் எடுக்கப்பட்ட பன்றி வேட்டை வீடியோக்களை யூடியூபில் பார்த்திருப்பீர்கள். வேட்டைக்காரர் பண்ணைக்குப் போகிறார், நிலத்துக்காரரிடம் பேசுகிறார், அவர் சரி என்றதும் துப்பாக்கியை எடுக்கிறார். மக்காச்சோளத்தையும் நிலக்கடலையையும் ஒரே ராத்திரியில் பன்றிக்குப் பறிகொடுத்த நம்ம ஊர் விவசாயி இதைப் பார்த்தால் என்ன கேட்பார்? "என் பட்டா நிலம், என் பயிர். நானே ஒருத்தரைக் கூப்பிட்டு சுடச் சொன்னா என்ன தப்பு?"

தப்புதான். இந்தியாவில் அது சிறைத்தண்டனை வரை போகக்கூடிய குற்றம். சுட்டவர் மட்டுமல்ல, கூப்பிட்டவரும் வழக்கில் சிக்கலாம். ஒரே விலங்கு, ஒரே மாதிரி பயிர்ச்சேதம். சட்டம் மட்டும் ஏன் இப்படி மாறுகிறது? பார்க்கலாம்.

நிலம் விவசாயிக்கு, விலங்கு யாருக்கு?

அமெரிக்காவில் மான், காட்டு வான்கோழி போன்ற விலங்குகள் எந்த நிலத்தில் மேய்ந்தாலும் அந்த நிலத்துக்காரருக்குச் சொந்தம் ஆகாது. மாநில அரசு மக்கள் சார்பாக அவற்றைப் பாதுகாக்கிறது என்பதுதான் அங்குள்ள அடிப்படைக் கொள்கை.

ஆனால் நிலத்துக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்று முடிவு செய்வது நிலத்துக்காரர். அதனால் வேட்டைக்காரருக்கு இரண்டு அனுமதி தேவை. விலங்கைச் சுட மாநில அரசின் உரிமம், நிலத்தில் கால் வைக்க விவசாயியின் சம்மதம். ஒன்று இருந்து மற்றொன்று இல்லை என்றால் வழக்குதான்.

விவசாயி சரி என்று சொல்லிவிட்டார் என்பதற்காக எப்போது வேண்டுமானாலும் மானைச் சுடவும் முடியாது. எந்த மாதத்தில், எத்தனை, ஆணா பெண்ணா, எந்த ஆயுதத்தால் என்பதையெல்லாம் மாநில அரசு நிர்ணயிக்கிறது.

கேட்காமல் நுழைந்தால் என்ன ஆகும்?

இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

மொன்டானாவில் அறிவிப்புப் பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும், தனியார் நிலத்தில் வேட்டையாட அனுமதி கட்டாயம். ஒஹாயோவில் வாய்ச்சொல் போதாது, எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும்.

வடக்கு டகோடாவில் நிலைமை தலைகீழ். 'வேட்டைக்கு அனுமதி இல்லை' என்று நிலத்துக்காரர் அறிவிக்காத நிலத்தில் வேட்டைக்காரர் நுழையலாம் என்பது அங்கு நீண்டகால நடைமுறை. பலகை நட வேண்டிய வேலை தங்கள் தலையில் விழுகிறது என்பது விவசாயிகளின் குறை. 2021 முதல் ஆன்லைனிலேயே அறிவிக்கும் வசதி வந்திருக்கிறது.

வெர்மான்ட் மாநிலத்தின் 1777-ம் ஆண்டு அரசியலமைப்பிலேயே, வேலி போடாத நிலங்களில் உரிய பருவத்தில் வேட்டையாடும் உரிமை எழுதப்பட்டிருந்தது. அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது. தன் நிலத்தில் வேட்டை வேண்டாம் என்று நினைப்பவர் பலகை வைத்து, அதை ஆண்டுதோறும் உள்ளூர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும்.

மரத்தில் ஊதா பெயின்ட் எதற்கு?

பலகை காற்றில் விழும், யாராவது பிடுங்கியும் போடுவார்கள். அதற்கு மாற்றாக வந்ததுதான் ஊதா பெயின்ட். டெக்சாஸில் 1997 முதல் இது சட்டப்படி செல்லும். மரத்திலோ வேலிக்கம்பத்திலோ குறைந்தது 8 அங்குல நீளம், 1 அங்குல அகலத்தில் செங்குத்தாக ஊதாக் கோடு போட வேண்டும். தரையிலிருந்து 3 முதல் 5 அடி உயரத்தில் இருக்க வேண்டும். அந்தக் கோடு இருந்தால் 'உள்ளே வராதே' என்று அர்த்தம். 'எனக்குத் தெரியாது' என்று பிறகு சொல்லித் தப்பிக்க முடியாது.

விவசாயியிடம் எப்படிக் கேட்கிறார்கள்?

இதற்கென்று எழுதாத ஒரு மரியாதை இருக்கிறது. வேட்டை சீசன் தொடங்கும் நாள் காலையில் போய் நிற்க மாட்டார்கள். பல வாரங்களுக்கு முன்பே, பகல் நேரத்தில், சாதாரண உடையில், துப்பாக்கி இல்லாமல் போவார்கள். அறுவடை, பால் கறக்கும் நேரம் போன்ற வேலை மும்முரத்தில் தொந்தரவு செய்ய மாட்டார்கள்.

பெயர், ஊர், போன் நம்பர், வண்டி எண், எத்தனை பேர் வருவோம், எந்த விலங்கு, எந்தத் தேதி என்று எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிடுவார்கள். வண்டியை எங்கே நிறுத்துவது, மாடுகள் எந்தப் பக்கம் மேய்கின்றன, எந்த வயலில் கால் வைக்கக்கூடாது என்று கேட்டுக்கொள்வார்கள். திறந்திருந்த கேட் திறந்தே இருக்க வேண்டும், மூடியிருந்தது மூடியே இருக்க வேண்டும். இதில் சொதப்பினால் அடுத்த வருஷம் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது.

விவசாயி முடியாது என்றால் காரணம் கேட்காமல் நன்றி சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும். சரி என்றால் அதை எழுத்தில் வாங்கிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது. வேலி சரிசெய்வது போன்ற வேலைகளில் கைகொடுப்பது, கிடைத்த இறைச்சியில் பங்கு தருவது எல்லாம் வழக்கம்.

விவசாயிக்கு என்ன லாபம்? என்ன பயம்?

முதல் லாபம், பயிரை மேயும் விலங்கு குறைகிறது. இரண்டாவது, பணம். டெக்சாஸில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட நிலம் தனியாருடையது. அதனால் வேட்டைக்கு நிலத்தைக் குத்தகைக்கு விடுவது அங்கே பெரிய வருமானம்.  கன்சாஸில் 1995 முதல் அரசே விவசாயிகளுக்குப் பணம் கொடுத்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, பொதுமக்களின் வேட்டைக்குத் திறந்துவிடுகிறது.

பயம் என்னவென்றால், வந்தவர் பள்ளத்தில் விழுந்து காலை உடைத்துக்கொண்டு விவசாயி மீதே வழக்குப் போட்டால்? இதற்காகவே பெரும்பாலான மாநிலங்களில் சட்டப் பாதுகாப்பு உண்டு. பணம் வாங்காமல் அனுமதித்த நிலத்துக்காரர் மீது பொறுப்பு குறைவு. கட்டணம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு பல இடங்களில் குறைந்துவிடும்.

பன்றிக்கு மட்டும் ஏன் தனிச் சலுகை?

அமெரிக்காவுக்குப் பன்றி வந்தேறி விலங்கு. 1500-களில் ஸ்பெயின்காரர்கள் கொண்டுவந்த வளர்ப்புப் பன்றிகள் தப்பிக் காட்டில் பெருகின. பின்னாளில் வேட்டைக்காக ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளையும் கொண்டுவந்து விட்டார்கள். இன்று அங்கே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் இருப்பதாக அமெரிக்க வேளாண் துறை மதிப்பிடுகிறது.

அதனால் டெக்சாஸில் மானுக்கு உள்ள பாதுகாப்பு பன்றிக்குக் கிடையாது. 2019 செப்டம்பர் முதல், தனியார் நிலத்தில் நிலத்துக்காரரின் சம்மதம் இருந்தால் பன்றியைச் சுட வேட்டை உரிமமே தேவையில்லை. வீடியோக்களில் நாம் பார்ப்பது இந்த விதிவிலக்கைத்தான்.

அங்கே வாழும் தமிழர்கள் கவனிக்க

'உரிமம் தேவையில்லையாமே, வார இறுதியில் போய் வரலாம்' என்று எச்1பி, மாணவர் விசாவில் இருப்பவர்கள் நினைத்தால் ஆபத்து. அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி, இப்படித் தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கவே பொதுவாகத் தடை. முறையான வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்கான விதிவிலக்குகளில் ஒன்று. அதாவது பன்றிக்காக மாநிலம் கேட்காத உரிமம், துப்பாக்கிக்காக உங்களுக்குத் தேவைப்படலாம். நண்பரின் துப்பாக்கியைக் கையில் வாங்கும் முன் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, இந்தியாவில் என்ன சட்டம்?

இந்தியாவில் பன்றி இந்த மண்ணின் விலங்கு. 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் அதைப் பாதுகாக்கிறது. அந்தச் சட்டம் வந்த புதிதில் சில விலங்குகளை உரிமம் வாங்கி வேட்டையாட வழி இருந்தது. 1991 திருத்தத்தில் அந்தக் கதவும் மூடப்பட்டது.

2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள புதிய அட்டவணைகளில் காட்டுப்பன்றி இரண்டாவது அட்டவணையில் இருக்கிறது. சுடுவது மட்டும் வேட்டை அல்ல. கண்ணி வைப்பது, விஷம் வைப்பது, அதற்கு முயற்சி செய்வது எல்லாமே சட்டப்படி 'வேட்டை'தான். இந்த அட்டவணை விலங்குக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

பட்டா நிலம் என்பதால் விதி மாறாது. அனுமதி தரும் அதிகாரம் நிலத்துக்காரரிடம் இல்லை. உயிருக்கோ, பயிர் உள்ளிட்ட சொத்துக்கோ ஆபத்து என்றால், மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளர் அல்லது அவர் அதிகாரம் அளித்த அதிகாரி காரணங்களைக் குறிப்பிட்டு எழுத்துப்பூர்வமாக உத்தரவிட வேண்டும். பயிர்ப் பாதுகாப்புக்கென்று துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவருக்கும் இதே நிலைதான். துப்பாக்கி வைத்திருக்க அனுமதி என்பது வனவிலங்கைச் சுட அனுமதி ஆகாது.

உயிரைக் காப்பாற்றிக்கொள்ள நல்லெண்ணத்தோடு செய்த தற்காப்பில் விலங்கு இறந்தால் அது குற்றமில்லை. ஆனால் அந்த உடல் அரசின் சொத்து. கறி பங்கு போட்டால் அது தனி வழக்கு.

மற்ற மாநிலங்கள் என்ன செய்தன?

குறிப்பிட்ட பகுதியில், குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு விலங்கை 'தீங்குயிரி' என்று மத்திய அரசு அறிவிக்கலாம். பீகாரில் காட்டுப்பன்றிக்கும் நீலான் என்ற மான் போன்ற விலங்குக்கும், உத்தராகண்டில் காட்டுப்பன்றிக்கும் 2015, 2016-ல் இப்படி அறிவிப்பு வந்தது. கேரளாவும் கேட்டது, மத்திய அரசு ஏற்கவில்லை. அதனால் கேரளா 2022-ல் வேறு வழி பிடித்தது. சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கியது.

தமிழ்நாட்டில் இப்போது என்ன நிலை?

2025 ஜனவரியில் அப்போதைய வனத்துறை அமைச்சர் பொன்முடி சட்டமன்றத்தில் அறிவித்த நடைமுறை, காப்புக்காட்டிலிருந்து உள்ள தூரத்தைப் பொறுத்து மூன்றாகப் பிரிகிறது:

• 1 கி.மீ. வரை: சுட அனுமதி இல்லை.
• 1 முதல் 3 கி.மீ. வரை: பிடித்து மீண்டும் காட்டில் விட வேண்டும்.
• 3 கி.மீ.க்கு அப்பால்: வனத்துறையினர் சுடலாம்.

கடைசி வரியைக் கவனியுங்கள். சுட வேண்டியது வனத்துறை. விவசாயியோ, அவர் அழைத்து வருபவரோ அல்ல.

பன்றி வந்தால் என்ன செய்யலாம்?

சேதமான பயிரை அன்றே போட்டோ, வீடியோ எடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். வனச்சரக அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். இழப்பீடு கேட்கவும், பன்றியைப் பிடிக்கவோ சுடவோ கோரவும் இந்தக் காகிதம்தான் ஆதாரம். ஒரே ஊரில் பலருக்குச் சேதம் என்றால் சேர்ந்து மனு கொடுப்பது பலம்.

அவுட்டுக்காய் வைக்காதீர்கள். வேலியில் திருட்டு மின்சாரம் பாய்ச்சாதீர்கள். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. அதே கம்பியில் மாடும் மாட்டலாம், ராத்திரியில் தண்ணீர் பாய்ச்ச வரும் பக்கத்துத் தோட்டத்துக்காரரும் மாட்டலாம். சூரிய மின்வேலி போடுவதாக இருந்தாலும் அரசு விதிமுறைப்படி வனத்துறையில் பதிவு செய்துவிட்டுப் போடுங்கள்.

யாராவது துப்பாக்கியோடு வந்து "உங்க தோட்டத்துப் பன்றியை நாங்க பார்த்துக்கிறோம், நீங்க சரின்னு மட்டும் சொல்லுங்க" என்று கேட்டால், சரி சொல்லும் அதிகாரம் உங்களுக்கு இல்லை என்பதை ஞாபகம் வையுங்கள். வனத்துறையின் எழுத்துப்பூர்வ உத்தரவு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.